சாப்பிட்டம் என்று எழுதிய கொமிட்

என் மகனுக்கும் மருமகளுக்கும் உம்மாவின் சலாம். நேற்றுப் போனில் நீ கேட்ட கேள்விக்கு நான் சிரித்துவிட்டு வைத்துவிட்டேன். பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள், அதனால் பதில் சொல்ல முடியவில்லை. நீ கேட்டது இதுதான். வலீமா விருந்து முடிந்து, எல்லாரும் சாப்பிட்டுக் கை கழுவிப் போன பிறகு, அடுத்த நாள் காலையில் உம்மா ஏன் அந்தப் புரோகிராமில் ஒரு வரியை அழித்தீர்கள்? அழித்ததுதான் அழித்தீர்கள், காரணம் எழுத வேண்டிய இடத்தில் ஏன் 'சாப்பிட்டம்' என்று ஒரே ஒரு சொல்லை எழுதி வைத்தீர்கள்? நாளைக்கு வேறு ஒருவர் பார்த்தால் என்ன விளங்கும், அதைத் திருத்தி எழுதுங்கோ என்றாய். ஓய்வு பெறும்வரை பிள்ளைகளின் கொப்பியில் சிவப்புப் பேனையால் 'விடை சரி, செய்கை எங்கே?' என்று எழுதியவள் நான். இப்போது என் பிள்ளை எனக்கே அதை எழுதுகிறான். செய்கை கேட்டாய் அல்லவா, இந்தா, முழுச் செய்கையும் எழுதுகிறேன். அவசரப்படாமல் வாசி, மருமகளையும் பக்கத்தில் இருத்திக்கொள். கொழும்பில் உனக்கு வேலை இருக்கும்தான், ஆனால் இந்தக் கதையில் அவளுக்கும் பங்கு உண்டு.

அழித்த அந்த வரி உன் பெரியும்மாவையும் சாச்சியையும் பற்றியது என்று உனக்குத் தெரியும். என் ராத்தா ஹமீதாவும் என் தங்கச்சி நசீமாவும் எத்தனையோ வருஷமாக முகம் பார்த்துப் பேசவில்லை என்பதும் தெரியும். ஏன் என்று மட்டும் நாங்கள் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது நாங்கள் எல்லாரும் ஊரைவிட்டுப் போய்ப் புத்தளத்தில் இருந்தோம். திரும்பி வரலாம் என்ற காலத்தில் பெரியும்மாவின் பிள்ளைகள் அங்கேயே பள்ளிக்கூடம், கடை என்று வேர்விட்டுவிட்டார்கள். நானும் சாச்சியும் எருக்கலம்பிட்டிக்கு வந்தோம். எங்கள் உம்மாவின் வீடு கூரை இல்லாமல் சுவரும் முட்பற்றையுமாக நின்றது. வழக்கப்படி அந்த வீடு கடைசி மகளுக்கு, ஆகவே சாச்சி அதை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினாள். கட்டி முடித்த பிறகு பெரியும்மா பார்க்க வந்தார். உம்மாவின் அறை எங்கே என்று தேடினார். அந்த இடத்தில் அடுப்போடு குசினி இருந்தது. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்றார் பெரியும்மா. வந்து குடியிருக்கப் போகிறவளிடமல்லவா கேட்பது என்றாள் சாச்சி. இரண்டு பேரும் சொன்னது நியாயம்தான், அதனால்தான் அந்தச் சண்டை முடியவே இல்லை. அன்றைக்கு அந்த வீட்டில் தண்ணீரும் குடிக்காமல் போனவர், பிறகு ஊருக்கு வந்தாலும் என் வீட்டோடு திரும்பிவிடுவார். நடுவில் பிறந்த பாவத்துக்கு நான் ஒரு காதில் ஒருத்தியையும் மறு காதில் மற்றவளையும் வைத்துக்கொண்டு இவ்வளவு காலம் ஓட்டினேன்.

இனிப் புரோகிராமுக்கு வருவோம். நம் ஊரில் ஒரு சஹன் என்றால் ஆறு பேர். அந்தப் பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேரும் இருந்தால்தான் மூடி திறக்கும், கை வைத்தால் கடைசி ஆள் முடிக்கும்வரை ஒருவரும் எழும்பக் கூடாது. ஆனால் எல்லாக் கலியாணத்திலும் நடப்பது என்ன? அக்கா தங்கைமார் ஒன்றாக ஒட்டிக்கொள்வார்கள். கடைசியில் இரண்டு பேர் ஒரு சஹனுக்கு முன்னால் நாலு பேரைத் தேடிக்கொண்டு இருப்பார்கள், சோறு ஆறும். பெண் வீட்டார் ஒரு மூலை, மாப்பிள்ளை வீட்டார் ஒரு மூலை, ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாமலே வட்டிலப்பத்தைச் சாப்பிட்டுவிட்டு வண்டி ஏறுவார்கள். உன் கலியாணம் அப்படி இருக்கக் கூடாது என்று எனக்கு ஆசை. ஒவ்வொரு சஹனிலும் மூன்று பேர் நம்மவர், மூன்று பேர் முசலிப் பக்கத்திலிருந்து வருகிற சம்பந்தி வீட்டார். முழங்கால் மடிக்க முடியாதவர்களுக்கு மேசையும் கதிரையும். மாட்டிறைச்சி சாப்பிடாதவர்கள் ஒன்றாக. தாளில் எழுதிப் பார்த்தேன். ஒருத்தியை நகர்த்தினால் ஐந்து பேர் குலைந்தார்கள். உன்னிடம் புலம்பினேன். இது கணக்குத்தானே உம்மா, ஒரு புரோகிராம் எழுதினால் வந்துவிடும் என்றாய். நீ பகிடியாகச் சொன்னாய், நான் உண்மையாகப் பிடித்துக்கொண்டேன். உன் வாப்பா கதிரையில் சாய்ந்துகொண்டு, அப்படியே சோறாக்கவும் அதையே கேள், சமையல்காரரைக் கூப்பிடத் தேவையில்லை என்றார்.

நீ அனுப்பிவிட்ட பழைய லப்டொப்பில் பைதனை ஏற்றியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. ஏற்றினால் மட்டும் போதாது, ஏறியிருக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும், கறுப்புத் திரையைத் திறந்து பைதன் என்று எழுதிப் பக்கத்தில் இரண்டு சிறு கோடு போட்டு வேர்ஷன் என்று எழுதுங்கோ என்றாய். எழுதினேன். அப்படி ஒருவரை எனக்குத் தெரியாது என்றது. ஏற்றும்போது கீழே ஒரு சின்னப் பெட்டியில் சரி போட்டீர்களா என்று கேட்டாய். நான் அதைக் கண்டதே இல்லை. முதலில் இருந்து மறுபடி ஏற்றி, அந்தப் பெட்டியில் சரி போட்டு, இந்த முறை பைதனையே திறந்துவிட்டு, மூன்று அம்புக்குறி நிற்கிற இடத்தில் அதே கேள்வியை எழுதினேன். பைதன் என்று ஒன்று இல்லை என்று சிவப்பில் வந்தது. மகனே, பைதனின் வீட்டுக்குள் போய்ப் பைதன் இருக்கிறாரா என்று கேட்டால் அவரே வந்து இல்லை என்கிறார். உன் வாப்பாவும் போனை எடுத்து, வாப்பா வீட்டில் இல்லை என்று சொல்லிவிட்டு வைப்பார் அல்லவா, அதே பழக்கம். நீ சிரித்துச் சிரித்து, வெளியில் வந்து கேளுங்கோ உம்மா, வாசலில் நின்றுதான் கேட்க வேண்டும் என்றாய். வெளியில் வந்து கேட்டேன். பெயரும் இலக்கமும் சொன்னது. நான் எழும்பி நின்று கைதட்டினேன், வாப்பா கரண்ட் வந்துவிட்டது என்று நினைத்து விசிறியைப் போட்டார்.

பிறகு கிட் என்ற மற்றதைச் சொல்லித் தந்தாய். செய்கிற மாற்றத்தை எல்லாம் ஒவ்வொன்றாகக் குறிப்போடு பதிந்து வைக்கும், பிழைத்தால் பழைய இடத்துக்குத் திரும்பலாம், பதிவதற்குக் கொமிட் என்று பெயர், பதிந்ததை இணையத்தில் இருக்கிற நம் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்புவதற்குப் புஷ் என்று பெயர். முதல் கொமிட்டுக்கு முயன்றபோது, தயவுசெய்து நீ யார் என்று சொல் என்று அது என்னைக் கேட்டது. எனக்குக் கோபம் வந்தது. இந்தத் தீவில் பாதிப் பேருக்குப் பின்னம் படிப்பித்தவளைப் பார்த்து நீ யார் என்கிறதே என்று. பெயரையும் மின்னஞ்சலையும் கொடுத்த பிறகு ஒவ்வொரு மாற்றத்துக்குப் பக்கத்திலும் என் பெயர் வந்து நின்றது. எனக்கு அது பிடித்துப்போனது, ஒளிக்காமல் சொல்கிறேன். ஓய்வு பெற்ற பிறகு என்னை எல்லாரும் உன் உம்மா, அவரின் பெஞ்சாதி என்றுதான் கூப்பிட்டார்கள். இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் நான் நானாக இருந்தேன். குறிப்பு எழுதாமல் கொமிட் பண்ணப் போய், வாசல் இல்லாத ஒரு திரைக்குள் அகப்பட்டு, வெளியே வரத் தெரியாமல் லப்டொப்பை மூடி அலுமாரிக்குள் வைத்ததையும் இங்கே எழுதிவிடுகிறேன், நீயே மருமகளிடம் சொல்லி என் மானத்தை வாங்குவதற்கு முன்னால்.

ஒரு நாள் நீயும் நானும் ஒரே வரியில் கை வைத்தோம், ஞாபகம் இருக்கிறதா? உன் கூட்டாளிகளின் மனைவிமாரை எல்லாம் ஒரே சஹனில் இருத்தி நீ கொழும்பிலிருந்து எழுதினாய். நான் அவர்களைப் பிரித்து நாலு சஹனில் போட்டு இங்கிருந்து எழுதினேன். அனுப்பப் போனால் அது மறித்தது. முதலில் மற்றவர் செய்ததை இறக்கு என்றது. இறக்கினால், உன்னுடையதையும் என்னுடையதையும் மேலும் கீழுமாக வைத்து, நடுவில் கோடு போட்டு, நீங்களே பேசி முடியுங்கோ என்பது போல நின்றுவிட்டது. எவ்வளவு கெட்டிக்காரப் பெட்டி, ஆனால் யார் சரி என்று அது சொல்லவில்லை. நாங்கள் போனில் பேசினோம். அந்தப் பிள்ளைகளுக்கு இங்கே ஒருவரையும் தெரியாது, வெட்கப்படுவார்கள் என்றாய். தெரியாததால்தான் பிரிக்கிறேன் என்றேன். அங்கிருந்து பேச்சு எங்கெங்கோ போனது. உன் வேலை, உன் இருமல், கலியாணத்தை நினைத்து உனக்கு வந்த பயம், எல்லாம் அன்றுதான் சொன்னாய். கொழும்புக்குப் போன பிறகு நீ என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அதுதான் முதல் தடவை. இரண்டு இரண்டு பேராக இருத்துவோம் என்று முடித்தோம். உனக்கும் மருமகளுக்கும் உம்மா சொல்கிற புத்தி இதில் இருக்கிறது. நீங்கள் இரண்டு பேரும் ஒரே வரியில் கை வைக்கிற நாள் வரும், கட்டாயம் வரும். அன்றைக்கு உன்னுடையதை அனுப்ப முதல் அவளுடையதை இறக்கி வாசி. வாசித்த பிறகும் உன்னுடையதுதான் சரி என்று தோன்றலாம், அது வேறு விஷயம். வாசிக்காமல் அனுப்பாதே. உன் சாச்சி குசினி கட்டியது பிழையே இல்லை, ராத்தாவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டுக் கட்டியிருந்தால் ராத்தாவே வந்து அடுப்புக்கு இடம் காட்டியிருப்பார்.

புரோகிராமை முதல் முறை முழுதாக ஓட்டியபோது பெரியும்மாவும் சாச்சியும் ஒரே சஹனில் விழுந்திருந்தார்கள். அந்தப் பெட்டிக்கு இவர்கள் கதை எங்கே தெரியும்? அந்தப் பதிப்பை, ஆளுக்கொரு இட அட்டையோடு, நான் ஏற்கெனவே கொமிட் பண்ணிக் களஞ்சியத்துக்கு அனுப்பியும் விட்டேன். பெரியும்மாவுக்குப் போன் எடுத்து, ராத்தா, நசீமாவோட ஒரு சஹனில இருப்பீங்களா என்று மெதுவாகக் கேட்டேன். அவர் சொன்னது இது.

"உன்ட மகன்ட கலியாணத்துக்கு நான் வராம இருப்பனா? வாறன். ஆனா அவள் கை வைக்கிற சஹனில என்ட கை படாது. அப்படி வச்சியெண்டா நான் சாப்பிடாமத்தான் எழும்புவன், பிறகு என்னைக் குறை சொல்லாத."

சொன்னால் செய்கிற ஆள் அவர். புது மருமகளின் முதல் விருந்தில், சம்பந்தி வீட்டார் பார்த்திருக்க, மாப்பிள்ளையின் பெரியும்மா சாப்பிடாமல் எழும்பினால் அதை ஊர் மறக்குமா? அந்தப் பிள்ளை மனத்தில் என்ன நினைக்கும்? எனக்குப் பயம் பிடித்துவிட்டது. உடனே அந்த வரியை எழுதினேன். ஹமீதா, நசீமா, சேராது. அவ்வளவுதான் வரி. எழுதிவிட்டுப் புரோகிராமை மறுபடி ஓட்டினேன். ராத்தா வாசல் பக்கத்துச் சஹனுக்கும் தங்கச்சி கிணற்றுப் பக்கத்துச் சஹனுக்கும் போனார்கள். 'ராத்தா கேட்டபடி இரண்டு பேரையும் பிரித்தேன்' என்று ஒழுங்காகக் குறிப்பு எழுதிக் கொமிட் பண்ணினேன். அந்த நேரம் பார்த்துப் பந்தல் போடுகிறவர்கள் வந்தார்கள், பாய் எத்தனை என்று ஒருவர் கேட்டார், உறைப்புக் கூட்டவா என்று ஒருவர் கேட்டார். லப்டொப்பை மூடிவிட்டு எழும்பினேன்.

வலீமாவுக்கு முதல் நாள் பின்னேரம் உப்புக்குளத்தில் அச்சடிக்கிற கடைக்குப் போனேன். கடை வாசலில் படுத்திருந்த கழுதையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய், பென் டிரைவ் எல்லாம் வேண்டாம் தம்பி, போன முறை உங்கட மெசினில இருந்து வைரஸ் வந்தது, இந்த முகவரியைத் திறந்து இறக்குங்கோ, எங்கட அட்டையெல்லாம் அங்க இருக்கு என்று மிடுக்காகச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். அட்டைகள் அழகாக வந்தன, ஒவ்வொன்றிலும் ஒரு பெயரும் ஒரு சஹன் இலக்கமும். றப்பர் வளையம் போட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். விடையைத் திரும்பச் சரிபார் என்று ஒவ்வொரு பரீட்சைக்கும் முன்னால் கத்தியவள், ஒரு அட்டையைக்கூட எடுத்துப் பார்க்கவில்லை. நான் கொமிட் பண்ணினேன், புஷ் பண்ணவில்லை மகனே. நோன்புக் கஞ்சியைக் காய்ச்சி, பக்கத்து வீட்டுக்கென்று கோப்பையில் ஊற்றி, மூடி, எங்கள் வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டுக் கொடுத்தாயிற்று என்று நினைப்பது போல. புது வரி என் லப்டொப்பில் பத்திரமாக இருந்தது. கடைக்காரர் இறக்கியது களஞ்சியத்தில் இருந்த பழைய பதிப்பை. சொல்லிப் பார்த்தால் ஒரு சின்னக் கட்டளை.

அடுத்த நாள் நடந்ததைச் சொல்கிறேன். நீ ஆண்கள் பக்கம் இருந்தாய், உன்னைச் சுற்றிப் படம் எடுத்தார்கள். பெண்கள் பக்க வாசலில் அட்டை கொடுத்தபோது சிரிப்பாய்க் கிடந்தது. இதென்ன, பரீட்சைச் சுட்டெண்ணா தாறா ரீச்சர், பாஸ் பண்ணினாத்தான் சோறா என்று கேட்டார்கள். கேட்டாலும் இலக்கம் பார்த்துப் போய் இருந்தார்கள். அந்நியப் பெண்கள் மூன்று மூன்று பேராகப் பார்த்துச் சிரித்து, நீங்கள் யாருடைய மகள், எந்தப் பக்கம் என்று பேச்சுத் தொடங்கிவிட்டது. எனக்கு உச்சி குளிர்ந்தது. பெரியும்மா வந்து, சம்பந்தியம்மாவுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்த பெருமையோடு நல்லாகச் சாய்ந்து இருந்தார். அந்தச் சஹனில் ஐந்து பேர் ஆனார்கள். அவர் இருந்தது வாசல் பக்கம் இல்லையே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது, ஆனால் அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

சாச்சி குசினிப் பக்கம் சோறு போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றவள், கடைசி ஆளாக வந்தாள். கையில் அட்டை. இலக்கத்தைப் பார்த்தாள், சஹனைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். நான்தான் வேண்டுமென்று செய்தேன் என்று நினைத்துவிட்டாள். பெரியும்மாவும் நிமிர்ந்து பார்த்தார், அவர் முகம் கல்லாய்ப் போனது, ஒரு கையைப் பாயில் ஊன்றினார். எழும்பப் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன், உண்மையாகவே மூடிக்கொண்டேன். அப்போது ஒன்றும் தெரியாத உன் மாமியார், அதுதான் சம்பந்தியம்மா, சாச்சியின் கையை எட்டிப் பிடித்தார்.

"வாங்கோ, வாங்கோ, உங்களத்தான் பாத்துக்கொண்டு இருக்கிறம். ஆறாவது ஆள் வராம எப்படி மூடியைத் திறக்கிறது?"

சாச்சி இருந்தாள். வேறென்ன செய்வாள்? சம்பந்தியம்மா ஒரு பக்கம் கையைப் பிடித்திருக்கிறார், மற்றப் பக்கம் இருந்த இடம் ராத்தாவுக்கு அருகில்தான். எல்லாரும் கை கழுவினார்கள். மூடியைத் திறந்தார்கள். சம்பந்தியம்மா பிஸ்மி சொல்லிக் கை வைத்தார், மற்ற மூன்று பேரும் வைத்தார்கள், சாச்சி வைத்தாள். பெரியும்மாவின் கை மடியில் இருந்தது. ராத்தா, உங்களுக்குச் சுகமில்லையா, ஏன் கை வைக்கவில்லை என்று சம்பந்தியம்மா கேட்டபோது, பெரியும்மா மருமகள் இருந்த பக்கத்தைத் திரும்பிப் பார்த்தார். மருமகள் தன் கூட்டாளிகளோடு, முகமெல்லாம் சிரிப்பாக, இவரைப் பார்த்துத்தான் இருந்தாள். பெரியும்மா கை வைத்தார். பிடிவாதக்காரர்தான், ஆனால் ஒரு புதுப் பெண்ணின் முதல் விருந்தைக் கெடுக்கிறவர் இல்லை.

நான் அந்தச் சஹனைச் சுற்றிச் சுற்றித் தண்ணீர் வார்த்தேன், வேறு ஒருவருக்கும் வார்க்கவில்லை. இரண்டு பேரும் ஒரு சொல் பேசவில்லை. பெரியும்மா தன் முன்னால் இருந்த சோற்றை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார். பல் பிரச்சினை, இறைச்சியைத் தொடவில்லை. சாச்சி குனிந்தபடியே ஒரு நல்ல துண்டை எடுத்து, எலும்பைக் கழற்றி, கொழுப்பை ஒதுக்கி, நாராகப் பிய்த்து, ராத்தாவின் பக்கத்துச் சோற்றில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, யாருக்கோ வைக்கிறவள் போல வைத்தாள். பெரியும்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு எடுத்துச் சாப்பிட்டார். இரண்டாம் தடவையும் வைத்தாள், அதையும் சாப்பிட்டார். நான் தண்ணீர்க் குவளையோடு நின்று அழுதேன். மகனைப் பிரியப் போகிற கவலை என்று எல்லாரும் என்னைத் தேற்றினார்கள். உன்னை அப்போது நான் நினைக்கவே இல்லை, மன்னித்துக்கொள். அப்போதுதான் பெரியும்மா வாய் திறந்தார்.

"அந்தக் கத்தரிக்காய் மோஜுவில கொஞ்சம் இஞ்சால வையடி."

அத்தனை வருஷத்துக்குப் பிறகு முதல் பேச்சு அதுதான். வையடி என்றார், வையுங்கோ என்று சொல்லவில்லை. சாச்சி மோஜு முழுவதையும் அள்ளி அவர் பக்கம் வைத்துவிட்டாள், சம்பந்தியம்மாவுக்கு ஒரு துண்டும் மிஞ்சவில்லை. உன் மாமியாரிடம் அதற்காக ஒரு நாள் மன்னிப்புக் கேட்க வேண்டும். நடந்தது எதுவும் அவருக்கு இன்றுவரை தெரியாது, மருமகளே, நீயே சொல்லிவிடு.

அடுத்த நாள் காலை சாச்சி இடியப்பமும் சொதியும் எடுத்துக்கொண்டு இங்கே வந்தாள். பெரியும்மா இருக்கிற நேரம் இந்தப் படலையைத் தாண்டாதவள் வந்தாள். மூன்று பேரும் மேசையில் இருந்தோம். உனக்குக் கள்ளத்தனம் கூடிப்போச்சு, எங்களை வேணுமெண்டே ஒரு சஹனில போட்டிருக்கிறாய் என்று இரண்டு பேரும் சேர்ந்து என்மேல் பாய்ந்தார்கள். பார், எவ்வளவு கெதியில் சேர்ந்துவிட்டார்கள். நான் இல்லை என்று ஆணையிட்டுச் சொல்லி, லப்டொப்பைத் திறந்து, என்ன நிலைமை என்று கிட்டிடம் கேட்டேன். அனுப்பாத கொமிட் ஒன்று உன்னிடம் இருக்கிறது என்று பணிவாகச் சொன்னது. கேட்டிருந்தால் முதல் நாளே சொல்லியிருக்கும், நான்தான் கேட்கவில்லை. என் நல்ல மனத்தை நிரூபிக்க அந்தக் கொமிட்டைத் திறந்து, நீங்கள் சொன்னபடி பிரித்துத்தான் எழுதினேன், பாருங்கோ ராத்தா என்று வரியைக் காட்டினேன். பெரியும்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கிட்ட வந்தார். ஹமீதா, நசீமா, சேராது. சாச்சியும் வாசித்தாள்.

"எங்கட பேரையா இப்படி எழுதி வச்சிருக்கிறாய்?" என்று கேட்டார் பெரியும்மா.

"நீங்கதானே ராத்தா சொன்னீங்க."

"நான் சொன்னா நீ எழுதுவியா?"

வாயால் சொன்னபோது அது கோபமாக இருந்தது, எழுத்தில் பார்த்தபோது அவருக்கே தாங்கவில்லை. அழி என்றார். நான் அந்த வரியைத் தெரிவு செய்துவிட்டுத் திரும்பினேன், அதற்குள் சாச்சி மாப்பிடித்த கையை நீட்டி அழிக்கும் விசையை அமுக்கிவிட்டாள். விசையில் இடியப்ப மா இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, நான் துடைக்கவில்லை. சேமித்தேன், கொமிட் பண்ணப் போனேன், குறிப்பு எழுத வேண்டும் ராத்தா, ஏன் அழித்தோம் என்று ஒரு காரணம் சொல்லுங்கோ என்றேன். பெரியும்மா யோசித்தார். சாச்சியும் யோசித்தாள். உம்மாவின் அறை, குசினி, கேட்காத ஒரு சொல், தண்ணீர் குடிக்காமல் போனது, இத்தனை வருஷம், இதை எல்லாம் எழுதத் தொடங்கினால் எங்கே முடிப்பது?

"காரணமெல்லாம் வேணாம். சாப்பிட்டம் எண்டு எழுது," என்றார் பெரியும்மா.

எழுதினேன். இந்தத் தடவை புஷ் பண்ண மறக்கவில்லை. இரண்டு கொமிட்டும் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்ச் சேர்ந்தன, பிரித்ததும் அழித்ததும். பழைய வரி வரலாற்றில் கிடக்கும் என்று நீ சொல்லித் தந்திருக்கிறாய், தேடினால் யாரும் பார்க்கலாம். கிடக்கட்டும். நடந்தது நடந்ததுதானே, இனி அது வேலை செய்யாது, அவ்வளவு போதும். பிறகு இரண்டு பேரும் எழும்பி உம்மாவின் வீட்டுக்கு நடந்து போனார்கள். நான் பின்னால் போனேன். பெரியும்மா குசினிக்குள் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தார், புகைபோக்கி சரியில்லை என்று குறை சொன்னார், ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு பிளேன்டீ கேட்டார். ஒரு பையோடு வந்தவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். புத்தளத்திலிருந்து அவர் மகன் எப்போது வருவீர்கள் என்று எனக்குப் போன் எடுக்கிறான். நேற்று நீ பேசியபோது பின்னால் கேட்ட சிரிப்பும் அவர்கள் இரண்டு பேருடையதுதான்.

ஆகவே மகனே, நான் பிழை விட்டேன், ஒப்புக்கொள்கிறேன், ஒரு கட்டளையை மறந்தேன். நீ மறக்காதே. வேலை முடிந்தது என்று எழும்ப முதல் ஒரு தடவை நிலைமை கேள். வீட்டிலும் கேள். அவள் ஒன்றும் இல்லை என்று சொன்னாலும் கொஞ்சம் நின்று கேள், மனத்தில் எழுதி அனுப்பாமல் வைத்திருப்பது எல்லாருக்கும் உண்டு. மற்றபடி, அந்தக் குறிப்பைத் திருத்தச் சொல்லாதே. நான் கணக்கு ரீச்சர், வளர்த்து எழுத எனக்குத் தெரியும். ஆனால் அந்தக் குறிப்பை எழுதியது நான் இல்லை, உன் பெரியும்மா சொல்ல, உன் சாச்சி பக்கத்தில் இருக்க எழுதியது. ஏன் அழித்தீர்கள் என்று யார் எப்போது கேட்டாலும், அதற்குச் சரியான விடை அந்த ஒரு சொல்தான்.